முதுகு தெரிகிற படம்

"கொஞ்சம் தள்ளு தம்பி, உன் வண்டிக்கு மூக்கு நீளம்" என்று சொல்லிக்கொண்டே ஜெகதாம்பாள் என் பைக்கின் பின்கம்பியைப் பிடித்துத் தூக்கி, இடுப்பால் ஓர் இடி இடித்து, வரிசைக்குள் சொருகிவிட்டார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். புடவைக்கு மேல் போட்டிருக்கும் காக்கிச் சட்டையின் பையிலிருந்து போனை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இத்தப் பாரு. காத்தால ஒன்னு வந்துகீது. நம்ம வண்டியா, இல்ல லோனு குடுக்கறேன்றானே, அவனா?"

லோன் கொடுக்கிறவன்தான். சொன்னேன். "அவனுக்கு வேற வேலயில்ல" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வண்டியைத் தூக்கப் போய்விட்டார். முகம் வாடிவிட்டது. டிராபிக் போலீஸ் அபராதம் போடவில்லையே என்று வாடுகிற முகத்தை இந்த ஒரு இடத்தில்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இடம், திருநின்றவூர் ரயில் நிலையத்துக்கு வெளியே தகரக் கூரை போட்ட டூவீலர் ஸ்டாண்டு. ஏலம் எடுத்தவர் யாரோ. ஜெகதாம்பாள் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறவர். ஆனால் ஏலம் எடுத்தவரே வந்தாலும் அவர் கை காட்டிய இடத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ரயிலைப் பிடிக்க ஓடுகிற கூட்டம் வண்டிகளைக் கண்டபடி போட்டுவிட்டுப் போகும். ரயில் கிளம்பியதும் ஒவ்வொன்றாய் இடித்து நேராக்குவார். மழை நாளில், நாங்கள் மாலையில் வருவதற்குள் எல்லா சீட்டையும் துணியால் துடைத்து வைத்திருப்பார். யாரும் அவரைத் துடைக்கச் சொன்னதில்லை. "ஈரத்துல குந்திகினு ஊட்டுக்குப் போனா பொண்டாட்டி இன்னா நெனப்பா?" என்பார்.

அவருக்கு ஆட்களின் பெயர் தெரியாது. வண்டி எண்தான் பெயர். "அம்பத்தாறு எட்டுக்கு பிரமோசன் வந்துகீதாம்", "நாலு சைபர் ஒன்னு பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடிச்சி" என்று ஊர்ச் செய்தி சொல்வார். ஒருநாள் வேறு யாரிடமோ, "இருபது சைபர் ஏழு மொகமே செரியில்ல, ஊட்ல பேச்சுவார்த்த இல்ல போலகீது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருபது சைபர் ஏழு நான்தான். சொன்னது உண்மையும்தான் என்பதால் பேசாமல் டோக்கனை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

ஹெல்மெட் இல்லாமல் வருகிறவனுக்கு டோக்கனோடு ஒரு திட்டும் இலவசம். "இன்னா நைனா, தலைய ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று வரிசை முழுவதும் கேட்கிற மாதிரி கேட்பார். வாங்கிக் கட்டிக்கொண்ட பையன்கள் மறுநாள் தெருமுனை வரைக்கும் கையில் மாட்டிக்கொண்டு வந்து, ஸ்டாண்டு வாசலில் அவசரமாகத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள்.

இத்தனை வண்டிகளை மேய்க்கிறவருக்குச் சொந்தத்தில் ஒரு ஸ்கூட்டர் உண்டு. அது இங்கே இல்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்கு மானியத்தில் ஸ்கூட்டர் கொடுத்த காலத்தில் வாங்கியது. அதற்காகவே வண்டி பழகி, எட்டு போட்டு, லைசென்ஸும் எடுத்தார். "எட்டு போட்டதோட செரி. அப்பாலிக்கி நான் எங்க ஓட்டனேன்? எல்லாம் அவன்தான்." அவன் என்றால் ஒரே மகன் விக்ரம். ரேஷன் கடையில் பிறந்த தேதி கேட்டால் ஜெகதாம்பாள் கூரையைப் பார்ப்பார். நாற்பத்தாறு பதினேழு என்ற அந்த ஸ்கூட்டரின் எண்ணையும், அதன் சேசிஸ் எண்ணில் கடைசி ஐந்து இலக்கத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

விக்ரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலையில் இருந்தான். அங்கே வேலை செய்த கிருஷ்ணப்பிரியாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றான். ஜெகதாம்பாளோ அண்ணன் மகளுக்கென்று எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். "அவ இந்த ஊட்டு வாசப்படி மிறிச்சா நான் தூக்குல தொங்குவேன்" என்று சொல்லியிருக்கிறார். நம் ஊரில் எல்லா அம்மாக்களும் ஒரு தடவையாவது சொல்வதுதான். பிள்ளைகள் அதைக் கேட்டு முறைத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பார்கள். இவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனவன்தான். போன வருஷம் ஆடி மாதம் அது. போன் எண்ணையும் மாற்றிவிட்டான். கம்பெனியில் விசாரித்தால் இரண்டு பேருமே வேலையை விட்டுவிட்டார்கள் என்றார்கள். அண்ணன் மகள் வேறு இடத்தில் கல்யாணமாகி, தலைப்பிரசவமும் முடிந்து நன்றாக இருக்கிறாள். "அவளுக்கு இன்னா, நல்லாத்தான் கீறா. நான்தான் அல்லாரையும் புடிச்சி வெச்சிகினு நின்னேன்" என்று ஒருநாள் டோக்கன் கிழித்துக்கொண்டே சொன்னார்.

நான் இதற்குள் வந்தது என் அபராதத்தால். ஞாயிற்றுக்கிழமை பாடி சிக்னலில் கோட்டைத் தாண்டி முன்சக்கரத்தை வைத்துவிட்டேன். மறுநாள் ஸ்டாண்டில் நின்று, வாய்க்குள் திட்டிக்கொண்டே போனில் பணத்தைக் கட்டினேன். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தவர், "அப்ப உனக்கு இந்த வேல தெரியும்னு சொல்லு" என்று தன் போனை நீட்டினார். அதில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி கிடந்தது. அவரைப் பொறுத்தவரை அது லோன்காரன். படித்தேன். நாற்பத்தாறு பதினேழு. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியது. இடம், பாடி.

வண்டி அவர் பெயரில் இருப்பதால் செய்தி அவருக்கு வந்திருக்கிறது. அபராதம் பார்க்கிற தளத்தைத் திறந்து வண்டி எண்ணைப் போட்டேன். சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்தையும் கேட்டது, ஒப்பித்தார். அவர் போனுக்கு ஓடிபி வந்தது. அதையும் போட்டதும் படம் திறந்தது. போலீஸ் கேமரா பின்னாலிருந்துதான் எடுக்கும். நம்பர் பிளேட்தானே அதற்கு முக்கியம். ஒரு ஸ்கூட்டர், மேலே ஒரு நீலச் சட்டை முதுகு, எண்ணெய் காணாத தலை.

போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தகரத்தின் நிழலுக்குப் போனார். வெகுநேரம் திரும்பவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது, வாய் மட்டும் பழையபடிதான். "மொகத்தக் காட்றானா பாரு, திருட்டுப் பையன்" என்றார். அன்றைக்கே காக்கிப் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து, என் போனிலிருந்து கட்டச் சொன்னார். எனக்கு ரயில் போய்விட்டது.

அதற்குப் பிறகு மகனின் வாழ்க்கை அவருக்கு இப்படித்தான் தெரியவந்தது. சிக்னல் தாண்டியது, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியது, ஹெல்மெட் இல்லாதது என்று எப்போதாவது ஒன்று வரும். ஒவ்வொன்றிலும் ஒரு முதுகு. ஒரு படத்தில் முதுகில் சாப்பாடு கொண்டுபோகிற பெரிய பை முளைத்திருந்தது. "சோறு தூக்கறானா. செரி, பட்னி கெடக்க மாட்டான்" என்றார். இன்னொன்றில், "எளச்சிட்டான்" என்றார். முதுகைப் பார்த்து எப்படி என்று நான் கேட்கவில்லை. பிறகொரு படத்தில் கட்டம் போட்ட சட்டை. விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இது நான் எடுத்த சட்ட இல்ல. இஸ்திரிப் பெட்டி போட்டு மாட்டிகினு கீறான். யாரோ நல்லாத்தான் பாத்துக்கறாங்க." அந்தப் படத்தை மட்டும் பிரதி எடுத்துத் தரச் சொன்னார்.

"ஊரான் புள்ளையெல்லாம் ஹெல்மெட் போடலன்னு திட்டறீங்களேக்கா, உங்க புள்ளைக்கு யார் சொல்றது?" என்று ஒருமுறை வம்புக்கு இழுத்தேன்.

"அவன் போட்டுகினா எனக்கு எப்பிடி சேதி வரும்?"

சொன்ன வேகத்திலேயே பட்டென்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். அன்று முழுவதும் யாரையும் திட்டவில்லை.

யோசனை சொல்லவென்று ஒருவர் இருப்பாரே எங்கேயும். எங்கள் ஸ்டாண்டில் அவர் பரந்தாமன். அம்பத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வேட்டியை இறக்கிக் கட்டி, கக்கத்தில் கேஸ் கட்டோடு வருவார். நீதிபதி கூட அவ்வளவு நிதானமாகப் பேசமாட்டார்.

"இன்னா ஜெகதா, நீ கட்டிகினே போனா அவன் ஜாலியா சுத்திகினே இருப்பான். கட்டாத. அது பாட்டுக்கு சேரட்டும். ஒருநாள் செக்கிங்ல புடிப்பான், பாக்கி கீதுன்னு வண்டியத் தூக்கிடுவான். ஆர்சி யாரு பேருல கீது? உன் பேருல. நீ போயி கையெழுத்துப் போட்டாத்தான் வண்டி வெளிய வரும். உன் கால்ல வந்து உழுவானா மாட்டானா?"

எனக்குப் பரந்தாமன் மேல் எரிச்சலாக வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எரிச்சலுக்குக் காரணம். ஜெகதாம்பாள் அடுத்த செய்தி வந்தபோது படத்தை மட்டும் பார்த்தார், பணம் எடுக்கவில்லை. "கெடக்கட்டும்" என்றார். அடுத்ததற்கும் அதேதான். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வரும், மகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எதிரில் நிற்பான் என்று காத்திருக்க ஆரம்பித்தார். போன் அடித்தால் கையில் தூக்கிய வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். ஒருமுறை வரிசையே மடமடவென்று சரிந்தது.

காத்திருந்தாரே தவிர, நிம்மதி போய்விட்டது. கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. சீட்டைத் துடைத்துக்கொண்டே, "இந்த மழையில வண்டியும் இல்லன்னா அவன் எப்பிடி சோறு தூக்குவான்?" என்பார். நாம் பதில் சொல்வதற்குள், "தூக்காட்டி வரட்டுமே, ஊடு இல்லயா?" என்று அவரே சொல்லிக்கொள்வார். இப்படி இரண்டு பக்கமும் அவரே வாதாடிக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்கும்போது ஒரு புதன்கிழமை காலை அந்தச் செய்தி வந்தது. தளத்தைத் திறந்தேன், ஓடிபி வந்தது, படம் வந்தது. இடம், ஆவடி. இந்தத் தடவை வண்டி ஓட்டுகிறவன் தலையில் ஹெல்மெட் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையில் இல்லை. அதற்குத்தான் அபராதம்.

"ரெண்டு பேர் இருக்காங்கக்கா" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். பெரிய கொண்டை. ஒரு கை அவன் தோளில், இன்னொரு கை பின்னால் வந்து தன் இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தது. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

"இது என்னிக்கி எடுத்தது?"

"நேத்துக்கா."

"நேத்து செவ்வா." விரலால் படத்தைப் பெரிதாக்கினார். "செவ்வாக்கெழம கவருமெண்டு ஆஸ்பித்திரில மாசமா கீறவங்க நாளு. இடுப்புல கைய குடுத்து குந்திகினு கீறா பாரு. முழுவாம கீறா தம்பி. நம்ம ஊட்டுப் பொண்ணு முழுவாம கீறா."

நம்ம வீட்டுப் பெண் என்று அவர் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. என் காதில் விழுந்தது. அவர் அதற்குள் பையிலிருந்து பணத்தை எடுத்துவிட்டிருந்தார்.

"எல்லாத்தியும் கட்டு. இப்பவே."

பரந்தாமன் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். "இப்பப் போயி கட்றியே ஜெகதா. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா வண்டியத் தூக்குவான், தானா வந்து நிப்பான்."

"தூக்குவான், செரி. அவ வண்டி மேல குந்திகினு கீற நேரம் தூக்கனா? வயித்தோட நடுரோட்ல எறக்கி உட்டா அவ எங்க போவா? அப்பிடி வந்து நிக்கற புள்ள எனக்கு வேணாம்ணே. அவன் வராட்டிப் போறான், அந்த வண்டி ஓடணும்."

பரந்தாமன் என்னைப் பார்த்தார், நான் போனைப் பார்த்தேன். புது அபராதத்தைக் கட்டினேன். பழையது இரண்டையும் தேடினால் காணோம். மேலே தேடினேன், கீழே தேடினேன். பாக்கி எதுவும் இல்லை என்றது தளம். யாரோ கட்டிவிட்டார்களோ என்று கூட நினைத்தேன். பரந்தாமன்தான் கக்கத்திலிருந்த கேஸ் கட்டை ஒரு பெஞ்சில் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"ரொம்ப நாள் கட்டாம உட்டா அங்க இருக்காது சார். கோர்ட்டுக்குப் போயிடும். கோர்ட்டுக்குத் தனியா ஒரு பக்கம் கீது, அதுல வண்டி நம்பரைப் போட்டு தேடுங்க. கேஸ் நம்பரோட நிக்கும்."

"கோர்ட்டா?" என்றார் ஜெகதாம்பாள். பக்கத்து வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். "அவன் மேல கேஸ் போட்டுட்டாங்களா?"

தூறல் போட ஆரம்பித்தது. பரந்தாமன் தன் குடையை விரித்து என் போனுக்குப் பிடித்தார். அவர் ரயிலும் என் ரயிலும் ஒன்றாகத்தான் கிளம்பிப் போயின. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண்ணைப் போட்டு, சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் திறந்தது. இரண்டு வழக்குகள். ஒவ்வொன்றிலும் எண், தேதி, குற்றம், குற்றம் சாட்டப்பட்டவர் பெயர்.

"அவன் மேல இல்லக்கா" என்றேன். "வண்டி உங்க பேர்ல இருக்கில்ல. குற்றவாளின்னு உங்க பேரைத்தான் போட்டிருக்கு. ஜெகதாம்பாள்."

பதறுவார் என்று நினைத்தேன். பிடித்திருந்த சீட்டை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"செரியாத்தான் போட்டுகீறாங்க."

பணம் கட்டுகிற இடத்துக்கு முன்னால் ஒரு கேள்வி நின்றது. "குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டறீங்களான்னு கேக்குதுக்கா" என்றேன்.

"அமுக்கு தம்பி. அதான் ஒத்துக்கறேனே."

அமுக்கினேன். பரந்தாமன் குடையைப் பிடித்தபடி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் நல்லவர்தான்.

அந்த வாரம் ஜெகதாம்பாளின் கை வண்டிகளில் இருந்தது, கண் தலைகளில் இருந்தது. யார் ஹெல்மெட்டைக் கழற்றினாலும், வாங்கித் திருப்பி உள்ளே பஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பெண்கள் வந்தால், "கொண்ட போட்டா இது ஒக்காருதா?" என்று விசாரித்தார். வரிசையில் என்ன நடக்கிறதென்று யாருக்கும் புரியவில்லை. எனக்கும் பரந்தாமனுக்கும் புரிந்தது.

இது நேற்று, திங்கட்கிழமை நடந்தது. நான் போனபோது அவருடைய ஸ்டூலின் மேல் ஒரு புத்தம்புது ஹெல்மெட், பாலிதீன் உறையோடு இருந்தது. அரக்கு நிறம். "நாளிக்கி நான் வர மாட்டேன். அண்ணி வந்து டோக்கன் குடுக்கும். சண்ட போடாம வண்டிய நேரா நிறுத்து" என்றார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை.

"ஆவடி ஆஸ்பித்திரி வாசல்ல நிப்பேன். எங்கூட பேசாட்டிப் போறான். அவ தலையில இத்த மாட்டிட்டு வந்துருவேன். ஆனா அளவு செரியா கீதான்னு தெர்ல. சின்னதாப் போயிட்டா கடக்காரன் நாளிக்குள்ள மாத்தித் தரமாட்டான்."

நான் வண்டியை நிறுத்தினேன். "எறங்கு" என்றார். இறங்கினேன். வழக்கமாகப் பின்கம்பியைத் தூக்குகிறவர் அன்று தூக்கவில்லை. தலையைச் சுற்றிக் கூந்தலை முறுக்கி, படத்தில் இருந்ததைப் போலவே பெரிதாகக் கொண்டை போட்டார். அதன் மேல் ஹெல்மெட்டை மாட்டினார். காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, என் பைக்கின் பின்சீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தார். ஒரு கையைக் காற்றில், தோள் இருக்க வேண்டிய உயரத்தில் வைத்தார். இன்னொரு கையைப் பின்னால் கொடுத்து இடுப்பை அழுத்திக்கொண்டார்.

"இன்னா பாத்துகினு நிக்கற? பின்னாடி போயி ஒரு போட்டோ எடு தம்பி" என்றார் திரும்பாமலே. "நம்பர் பிளேட்டும் தெரியட்டும்."